கடவுளோடு வழக்கு தீராதபோதும்

நாஜிகளின் ஆஷ்விட்ஸ் முகாமில் தாயையும் தங்கையையும் பறிகொடுத்த ஒருவர், பிழைத்து அயல்நாட்டில் குடியேறிய பிறகு தன் சமூகத்துக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார். உயிர்காத்த கடவுளுக்குச் செலுத்தும் நன்றி இது என்று சொல்லிவிடலாம். அப்படியானால் காக்கப்படாமல் போன அறுபது லட்சம் யூதர்களுக்கு என்ன பதில்? அந்த ஒருவர், எழுத்தாளர் எலீ வீசல், அந்தக் கேள்வியை ஆயுள் முழுக்கக் கடவுளிடமே கேட்டுக்கொண்டிருந்தார். பதில் வராவிட்டாலும் அவர் கொடை நிற்கவில்லை. யூத மரபில் கொடை பக்தியை நம்பி நிற்பதல்ல, பக்தி ஆட்டங்கண்டாலும் விலகாத கடமை என்றே நான் கருதுகிறேன்.

பிச்சை வாங்கிப் பிழைப்பவனும் தன் பங்குக்குத் தர்மம் செய்தாக வேண்டும் என்பது யூதர்களின் சமயச் சட்ட நூலான தால்முதின் விதி. கொடுப்பவர், வாங்குபவர் என்று நிரந்தரமாக இரண்டு சாதி கிடையாது. வீசலும் முதலில் வாங்கியவர்தான். 1945 ஏப்ரலில் புக்கன்வால்ட் முகாம் விடுவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 16. தந்தை அங்கேயே சில மாதங்களுக்கு முன் இறந்திருந்தார். ஓ.எஸ்.இ. என்ற யூதக் குழந்தைகள் நல அமைப்பு வீசல் உட்பட 400-க்கும் மேற்பட்ட சிறுவர்களைப் பிரான்சுக்கு அழைத்துச் சென்றது. அங்கே பரிமாறப்பட்ட கமம்பேர் பாலாடைக்கட்டியின் வாடையைக் கண்டு, விஷம் வைத்துவிட்டார்கள் என்று பயந்து சிறுவர்கள் அதைத் தூக்கி எறிந்தார்கள். தரும் கையை நம்பவே மறந்துபோன பிள்ளைகள் அவர்கள். அவர்களில் மரபுவழி உணவும் வழிபாடும் கேட்டவர்களுக்குத் தனி இல்லமே ஏற்பாடாயிற்று. வயிற்றுக்குச் சோறு போட்டதோடு, அவர்கள் கேட்டதற்கும் மதிப்புக் கொடுத்தார்கள். முகாம் பறித்துக்கொண்டதில் பாதி அந்த மதிப்புதான்.

தன் இனத்துக்கு மட்டும் கொடுப்பது குறுகிய மனம் அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, ஆனால் 'தன் இனம்' எதுவரை நீள்கிறது என்று பார்க்க வேண்டும். 1986-ல் நோபல் அமைதிப் பரிசு பெற்றபின் வீசலும் அவர் மனைவியும் தொடங்கிய அறக்கட்டளை, இஸ்ரேலில் எத்தியோப்பிய யூதக் குழந்தைகளுக்குக் கல்வி மையங்கள் நடத்தியது. ருமேனியாவின் சிகெத் ஊர்க்காரருக்கு அந்தப் பிள்ளைகளோடு மொழியில்லை, நிறமில்லை, ஊருமில்லை. ஒருவனைச் சொந்தக் காலில் நிற்க வைப்பதே தர்மத்தில் உச்சப்படி என்றார் இடைக்கால யூத அறிஞர் மைமோனிடிஸ். கல்வி அந்தப் படியில்தான் சேரும். இதே மனிதர்தான் கம்போடிய அகதிகளுக்காகத் தாய்லாந்து எல்லைக்குப் போனார், 1993-ல் போரில் சிக்கியிருந்த பொஸ்னியாவுக்காக அமெரிக்க அதிபர் கிளிண்டனை நேருக்கு நேர் வற்புறுத்தினார். வீட்டுக்குள் பழகிய கடமையுணர்வுதான் வெளியேயும் போயிற்று.

பிழைத்துவிட்ட குற்ற உணர்வே இப்படிக் கொடுக்க வைக்கிறது என்பது இன்னொரு வாதம். குற்ற உணர்வு இருந்திருக்கலாம். அந்தக் கல்வி மையங்களுக்கு வைத்த பெயரே தங்கை சிப்போராவின் பெயர். ஆனால் குற்ற உணர்வால் கொடுப்பவனுக்குக் கை நீட்டி வாங்குவது கடினம். 2008-ல் அம்பலமான அமெரிக்க நிதியாளர் மேடாஃபின் முதலீட்டு மோசடியில் அறக்கட்டளை சுமார் 1.5 கோடி டாலரை இழந்தது. முன்பின் தெரியாதவர்கள் சிறுசிறு தொகைகளை அனுப்பினார்கள். நோபல் பரிசு பெற்ற அந்த முதியவர் தயங்காமல் வாங்கிக்கொண்டார். மையங்கள் தொடர்ந்து நடந்தன.