ஈகையா, ஒப்புரவா?

வள்ளுவர் ஒப்புரவறிதலை 22ஆம் அதிகாரமாகவும் ஈகையை 23ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைத்தார். ஒப்புரவு, ஊரோடு ஒத்து வாழ்பவன் தன் கடனெனக் கண்டு செய்வது. ஈகை, இல்லாதவனுக்கு இரங்கிக் கொடுப்பது. பதுளை மாவட்டத் தோட்டங்களிலே, கற்றல் இடர்ப்பாடுடைய வறிய பிள்ளைகளுக்குத் தரும ஸ்தாபனங்கள் அளிக்கும் உதவியை நோக்குமிடத்து, இவ்வேறுபாடு வெறும் ஏட்டு வேறுபாடன்று என்பது புலனாகும்.

இரக்கம் கண்வழியே பிறப்பது. நடக்கவியலாத பிள்ளைக்குச் சக்கர நாற்காலி வந்துசேரும். புகைப்படக்காரரும் உடன் வருவார். ஆனால் பசறையிலோ நமுனுகுலையிலோ லயத்துச் சிறுவன் ஒருவன் ஓடுகிறான், விறகு சுமக்கிறான், பிள்ளைமடுவத்திலிருந்து தம்பியைத் தூக்கி வருகிறான். 6 ஆண்டுகள் பாடசாலை சென்றும் தன் பெயரை எழுத்துக்கூட்டி வாசிக்க அவனால் இயலவில்லை. ‘மக்கு’ என்று ஊரார் முடிவுசெய்துவிட்டனர். 16 வயதாகுமுன்பே அவன் கொழும்புக் கடையொன்றுக்கு அனுப்பப்பட்டால் எவரும் வியப்பதில்லை. அவனது இடர்ப்பாடு தனித்துத் தோன்றவுமில்லை; பல தலைமுறைகளாகத் தோட்டப் பாடசாலை எல்லாப் பிள்ளைகளையுமே பின்தங்க வைத்திருந்ததன்றோ!

தொழிலாளரின் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளின் கல்வியை 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைக் கட்டளைச் சட்டம் தோட்டத் துரையின் கடமையாக்கிற்று. அரசு அப்பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியதோ 1970களில். இடையிலே, 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. உரித்தாகக் கிடைக்கவேண்டியவை துரையின் தயவாகக் கிடைத்த மண் இது. ஆதலின், கொடுப்பவர் எத்துணை நல்லவராயினும், தருமம் என்ற சொல் இங்கே பழைய தழும்பொன்றைத் தொடுகிறது.

அவ்வாறாயின் தருமத்தை மறுத்து உரிமையை மாத்திரம் கோருவோமா? மேடையில் அப்படிப் பேசுதல் எளிது, யானும் பேசியதுண்டு. இயலாமையைக் காரணங்காட்டிக் கல்வி நிறுவனங்களிற் சேர்ப்பதிலே பாரபட்சம் காட்டலாகாதென 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது. இயலாமையுடையோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தையும் இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. எனினும் இவை லயத்து வாசலை எட்டும்வரை எந்தப் பிள்ளையும் 8 வயதிலேயே நின்றுவிடுவதில்லை.

ஆகவே, கொடுக்கலாமா என்பதன்று, எவ்வகையிற் கொடுப்பது என்பதே வினா. சம்பள நிலுவை பெறும் கொழுந்துக்காரி கும்பிட்டு வாங்குவதில்லை. எண்ணிப் பார்த்து வாங்குகிறாள். தரும ஸ்தாபனத்தின் உதவியும் நிலுவைபோற் கொடுக்கப்படல் வேண்டும். பிள்ளையின் இடர்ப்பாட்டைத் தமிழிலேயே சோதித்தறிந்து கற்பிக்க வல்ல ஆசிரியரொருவரை, பரிசளிப்பு விழா நாளுக்கன்றி, 5 ஆண்டுகளுக்கு அமர்த்தட்டும். இடைநடுவில் நிறுத்தினால், ஏன் நிறுத்தினீர்களென்று தாய் கேட்கட்டும். அக்கேள்வியைப் பொறாதவர் கொடுப்பது ஈகையாகலாம், ஒப்புரவாகாது.

இன்னொன்று. கொடையாளர்க்குப் ‘பிள்ளைகள்’ மீதே பிரியம். 18 வயதானதும் அவ்விளைஞன் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறான். தேயிலை நாற்றுமேடையிலே பைகளுக்கு மண் நிரப்பவும் கன்றுகளுக்கு நீர் ஊற்றவும் அவன் வல்லவன். அந்த வேலைக்கு அவனுக்கு முழுப் பேர் போடுவார்களா, அரைப் பேர் போடுவார்களா?