காதடைப்பு

மயிலாப்பூர் குளத்திலிருந்து அடையாறு வரை எந்தெந்த ஹோட்டலில் சாப்பிடாமலே கழிவறைக்குப் போக விடுவார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எனக்கு அல்சரேட்டிவ் கோலைடிஸ். பெருங்குடலின் உட்சுவர் புண்ணாகி ரத்தமாகப் போகும். இதற்கு மேல் வர்ணித்தால் நீங்கள் வேறு கட்டுரைக்குப் போய்விடுவீர்கள்.

போன வருஷம் மாத்திரைகள் கைவிட்டு, டாக்டர் மறுபடி ஸ்டீராய்டு ஆரம்பித்த வாரத்தில், யாரோ அம்மாவிடம் ஆக்சிஜன் சிகிச்சை பற்றிச் சொல்லிவிட்டார்கள். அடையாறில் ஒரு மாடி. ஜிப் வைத்த நீளமான கூடாரம். உள்ளே படுத்தால் காற்றை அடைப்பார்கள், மூக்கில் ஆக்சிஜன் குழாய். விமானம் இறங்கும்போது மாதிரி காது அடைக்கும். "காது அடைக்குதுன்னா வேலை செய்யுதுன்னு அர்த்தம் சார்" என்றான் அங்கிருந்த பையன். பத்து சிட்டிங். அம்மாவின் ரெண்டு வளையல் தி. நகர் அடகுக்கடைக்குப் போனது. "வளையல அப்புறம் மீட்டுக்கலாம். குடல எங்கடா போய் மீட்கறது?"

ஏழாவது சிட்டிங் முடிந்த ராத்திரிதான் உட்கார்ந்து படித்தேன். முதலிலேயே படித்திருக்க வேண்டும். படித்தால் நம்பிக்கை போய்விடுமோ என்ற பயம்.

விஷயம் புரளி இல்லை. 1960-இல் ஆம்ஸ்டர்டாமில் போரெமா என்ற அறுவை மருத்துவர், பன்றிகளின் ரத்தத்தை ஏறக்குறைய முழுக்க எடுத்துவிட்டு, உயர் அழுத்த ஆக்சிஜனில் அவற்றை உயிரோடு வைத்துக் காட்டினார். அழுத்தம் ஏறினால் ஆக்சிஜன் சிவப்பணுக்களை நம்பாமல் ரத்தத்தின் நீர்ப்பகுதியிலேயே கரைந்து போகும். வீங்கிப் புண்ணான குடல் ஆக்சிஜனுக்கு ஏங்குகிற இடம். அங்கே இது உதவலாம் என்று நினைப்பதில் தப்பில்லை.

2018-இல் அமெரிக்காவில் ஒரு சோதனையின் முடிவு வெளிவந்தது. நோய் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்த 18 பேர். எல்லாருக்கும் ஸ்டீராய்டு உண்டு. 10 பேருக்கு 2.4 மடங்கு அழுத்தத்தில் ஆக்சிஜன். 8 பேருக்குப் பொய் சிகிச்சை. ஐந்தாம் நாள் முதல் குழுவில் 5 பேருக்கு நோய் அடங்கியிருந்தது. இரண்டாவதில் ஒருவருக்கும் இல்லை. போதிய ஆட்கள் சேராமல் சோதனையை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். பதினெட்டு பேர், அவ்வளவுதான். உயர் அழுத்த மருத்துவர்களின் அங்கீகரித்த பட்டியலில் இந்த நோய் இன்னும் ஏறவில்லை.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு. அந்தப் பொய் சிகிச்சையின் அழுத்தம் 1.34. நோயாளிக்குச் சந்தேகம் வராமல் காது அடைக்கட்டும் என்பதற்காக வைத்தது, சாதாரணக் காற்றில். அடையாறு கூடாரத்தின் மேல் 1.3 என்று ஒட்டியிருந்தது. எனக்கு மூக்கில் ஒரு குழாய் கூடுதல். மற்றபடி, அங்கே ஏமாற்றுவதற்காகச் செய்ததைத்தான் நான் வளையலை வைத்து வாங்கியிருக்கிறேன்.

ரெண்டும் பொய்தானே, இதில் எது மோசம்? ரொம்ப நாள் இதில் சுற்றினேன். அந்த 8 பேரும் 'எனக்குக் கிடைப்பது பொய்யாக இருக்கலாம்' என்று தெரிந்து கையெழுத்துப் போட்டவர்கள். அவர்கள் ஏமாந்ததில் நமக்கெல்லாம் ஒரு எண் கிடைத்தது. நான் ஏமாந்ததில் ஒரு ரசீது கிடைத்தது, அதிலும் சிகிச்சை என்று போடவில்லை, 'வெல்னஸ்' என்று போட்டிருந்தது. ஆக, பொய்யில் இல்லை வித்தியாசம், அதற்கு யார் சம்மதித்தார்கள் என்பதில் இருக்கிறது என்று ஒரு முடிவுக்கு வந்து, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தேன்.

காலையில் அம்மா, "நேத்து ராத்திரி ரெண்டு தடவதான் எழுந்த. நான் எண்ணினேன்" என்றாள். நிஜம்தான். முன்பெல்லாம் ஏழெட்டு தடவை. ஸ்டீராய்டாக இருக்கும். இந்த நோய் தானாகவே ஏறி இறங்கும், அதுவாகவும் இருக்கலாம். ஆனால் அவள் கணக்கில் அது வளையல்.

இப்போது சம்மதம் பற்றிய என் தத்துவம் என் பக்கம் திரும்பிக்கொண்டது. சொன்னால், கழுத்தில் இருப்பதையும் வைத்து நிஜமான இரும்பு அறைக்கு ஏற்பாடு பண்ணுவாள். பதினெட்டு பேரை நம்பி. சொல்லாவிட்டால் அந்தப் பையனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவனாவது ஒருவேளை நம்பித்தான் சொல்லியிருப்பான்.

மீதி மூணு சிட்டிங்குக்கும் போனேன். கட்டின பணம் திரும்ப வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைசி நாள் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்தாள்.

"காது அடைச்சுதாடா?"

"நல்லா அடைச்சுதும்மா."