வாசப்படியில் காத்திருக்கும் மணி

 

"அண்ணா, எத்தனை சஷ்டி விரதம் இருந்துட்டேன், இன்னும் ஒண்ணும் நடக்கலையே!" நிறைய தம்பி தங்கைகள் இப்படித்தான் கேக்குறீங்க. அதுக்குப் பதிலை எங்க வீட்டு மணிகிட்ட இருந்து சொல்றேன். மணி ஒரு நாட்டு நாய். பக்திக்கு நாயா உதாரணம்னு சிரிக்காதீங்க. பைரவருக்கு நாய்தான் வாகனம். தன்னோட வந்த நாயை விட்டுட்டு சொர்க்கத்துக்குள்ள வரமாட்டேன்னு வாசல்லயே நின்னவர் தர்மர்.

எங்க வீட்டு கேட்டைத் திறந்தா நேரா ரோடு. பஸ்ஸும் லாரியும் ஓயாது. கதவு சத்தம் கேட்டாலே மணி பாய்ஞ்சிடுவான். அவனுக்குத் தெரிஞ்சதெல்லாம் கதவு இடுக்குல தெரியற வெளிச்சம் மட்டும்தான். வர்ற லாரி தெரியாது. அதனால வாசப்படியில் காத்திருக்கப் பழக்கினோம்.

முறை எளிதுதான், பொறுமைதான் வேணும். கழுத்துல கயிறு போட்டு, முதல்ல ரோட்டுக்குப் போகாத உள்கதவுல ஆரம்பிக்கணும். உட்கார வச்சு, "இரு"ன்னு ஒரே ஒரு தடவை சொல்லிட்டு, கதவை ஒரு விரல் அளவு திறக்கணும். அவன் எழுந்து வந்தா, மூக்குல இடிக்காம மெதுவா மூடிடணும். அடி கிடையாது, திட்டு கிடையாது. மறுபடி உட்கார்ந்தா மறுபடி கொஞ்சம் திறக்கணும். நகராம இருந்தா, இருந்த இடத்துக்கே போய் ஒரு துண்டு பிஸ்கட் கொடுக்கணும். "வா"ன்னு சொன்ன பிறகுதான் படியைத் தாண்டலாம். முதல்ல ஒரு நொடி, அப்புறம் மூணு, அப்புறம் பத்து. ஒரு வேளைக்கு அஞ்சு நிமிஷம் போதும். வீட்டுல எல்லாரும் ஒரே சொல்லைத்தான் சொல்லணும். அப்பா "இரு"ன்னும் அம்மா "நில்லு"ன்னும் சொன்னா அது குழம்பிடும்.

இதுல நான் பார்த்த அதிசயம் ஒண்ணு. முதல் சில நாள் மணியோட கண்ணு கதவு இடுக்குலயே இருந்தது. போகப்போக, கதவு முழுசா திறந்திருந்தாலும் அவன் கதவைப் பார்க்கல. என் முகத்தைப் பார்த்தான்!

தம்பி தங்கைகளே, நாம எதைப் பார்க்கிறோம்? வேலை, கல்யாணம், பரீட்சை ரிசல்ட்னு கதவு இடுக்கையே பார்த்துக்கிட்டு நிக்கிறோம். பக்கத்துல கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறவன் முகத்தைப் பார்க்கிறதில்ல. கோயில்ல அபிஷேகம் முடிஞ்சு அலங்காரத்துக்குத் திரை போடுறாங்க. உடனே கை போனுக்குப் போகுது. திரை போட்டா முருகன் போயிட்டான்னு அர்த்தமா? உள்ளே நமக்காகத்தான் அலங்காரம் நடக்குது.

அருணகிரிநாதர் வாழ்க்கையே வேண்டாம்னு திருவண்ணாமலைக் கோபுரத்துல இருந்து விழுந்தப்போ முருகன் தாங்கிப் பிடிச்சான்னு சொல்லுவாங்க. அவருக்குக் கொடுத்த உபதேசம், சும்மா இருக்கச் சொன்னது. அதுக்கப்புறம்தான் திருப்புகழ் பிறந்தது. அப்போ சும்மா இருக்கிறது சோம்பேறித்தனமா? காத்திருக்கிற மணியைப் பாருங்க. அவன் தூங்கல. உடம்பு முழுக்க ஓடத் துடிக்குது, ஆனாலும் அடக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கான். அதைவிடக் கஷ்டமான வேலை எது? அதனால விண்ணப்பம் போடாம, படிக்காம, "முருகன் பார்த்துப்பான்"னு படுத்துக்கிறது காத்திருப்பு ஆகாது.

அவனே பொறுத்தவன்தான். பெரும் படையோட வந்தும் சூரபத்மன் மேல எடுத்தவுடனே வேலை விடல. வீரபாகுவைத் தூது அனுப்பி, சூரபத்மனுக்கே திருந்த ஒரு வாய்ப்புக் கொடுத்தான். எதிரிக்கே அவ்வளவு பொறுமை காட்டினவன் உங்களைக் கைவிடுவானா?

மூடின கதவு ஒவ்வொண்ணுக்கும் காரணம் எனக்குத் தெரியும்னு நான் சொல்லமாட்டேன். மணிக்கும் லாரியைப் பத்தி கடைசி வரைக்கும் தெரியாது. ஆனா என்னைத் தெரியும். அவனுக்கு அது போதும்.

இந்த வாரம் ஒண்ணு செய்யுங்க. வீட்டை விட்டுக் கிளம்பும்போது நிலைவாசல்ல ஒரு நொடி நில்லுங்க. "சரவணபவ"ன்னு மனசுக்குள்ள சொல்லிட்டு படியைத் தாண்டுங்க. கோயில்ல திரை போட்டா போன் பைக்குள்ளயே இருக்கட்டும். வீட்டுல நாய் இருந்தா அதுக்கும் இதைப் பழக்குங்க; அதுவும் அவன் கொடுத்த உயிர்தான்.

வேலும் மயிலும் துணை. வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!