பாலாலயம்

நலிந்துபோன ஒன்றை மீண்டும் நடமாடச் செய்வதற்கு நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமில்லை. கோயிலுக்கு ஜீர்ணோத்தாரணம், கட்டடத்துக்கு மராமத்து, குளத்துக்குத் தூர்வாருதல், கலைகளுக்குப் புனருத்தாரணம் என்று இடத்துக்கு ஒன்றாக வைத்திருக்கிறோம். மேடைகளில் அடிக்கடி கேட்கிற 'புத்துயிர் ஊட்டுதல்' என்பதில் மட்டும் எனக்கு நம்பிக்கை குறைவு.

திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் 2022 ஜூலை 6ஆம் நாள், 418 ஆண்டுகளுக்குப் பிறகு, கும்பாபிஷேகம் நடந்தேறியது. மூன்று வாசல்கள் வழியாகத் தரிசிக்க வேண்டியபடி 22 அடி நீளத்தில் பள்ளிகொண்டிருக்கும் அந்தக் கடுசர்க்கரைக் கலவையால் ஆன திருமேனிக்கு அன்றுதான் உயிர் மீண்டது என்று பேசுவது வெறும் உபசாரம். ஏனெனில் இடைப்பட்ட நாலு நூற்றாண்டும் கோயில் பாழ்பட்டுக் கிடக்கவில்லை, ஐப்பசியிலும் பங்குனியிலும் உற்சவம் கொண்டாடுகிற சம்பிரதாயம் இருந்துகொண்டேயிருந்தது. திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்கிறார்களே, அதன் தாத்பரியத்தைச் சற்றே யோசித்தால் விஷயம் விளங்கும். கருவறையில் கை வைப்பதற்கு முன்னால் தெய்வ சாந்நித்தியத்தை ஒரு சிறு இடத்துக்கு மாற்றி, அங்கே நித்திய பூசை குறைவில்லாமல் நடக்கும்படி பார்த்துக்கொண்டு, அதன் பிறகே கல்லையும் சுண்ணாம்பையும் தொடுகிறார்கள்.

நாஞ்சில் நாட்டுக் குளங்களின் கதையும் இதுவே. 1906இல் பேச்சிப்பாறை அணை எழுந்து கோதையாற்றுத் தண்ணீர் கால்வாய்களில் ஓடிவந்தபோது, அதை ஏந்திக்கொள்ளக் குளங்களும், ஏற்றுக்கொள்ளக் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரு போகமும் முன்னரே இருந்தன. கோடையில் வண்டலை வாரி வயலில் கொட்டியவர்கள் அதைப் பெரிய கைங்கரியமாக எண்ணியதில்லை; வயலுக்கு உரம் வேண்டியிருந்தது, குளம் தானே ஆழப்பட்டது. இன்றும் சில குளக்கரைகளில், முழங்கால் சேற்றில் இறங்கி, கசிகிற மடையில் வைக்கோலையும் களிமண்ணையும் திணித்து மிதித்துவிட்டு, வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டு போகிற ஒரு கிழவரைப் பார்க்கலாம். அவர் வருகிற வரையில் அந்தக் குளத்தைத் தூர்வார முடியும். பாசன வயல்களான பத்து முழுவதும் வீட்டுமனையாகி, மடையைத் திறக்க ஆளில்லாமற்போன குளத்தில் இயந்திரத்தை இறக்கினால் பள்ளம்தான் மிஞ்சும். (படம் எடுத்துக்கொள்ள அந்தப் பள்ளம் போதும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

நெல்லும் அப்படியே. கொட்டாரம் சம்பாவை மீட்கவேண்டும் என்று ஆசைப்படலாம். ஆனால் பத்தாயத்தில் சும்மா கிடந்த விதை ஓரிரு ஆண்டில் முளைப்புத் திறனை இழந்துவிடும். எவராவது ஒருவர், லாபநஷ்டக் கணக்குப் பாராமல், பூவுக்குப் பூ ஒரு மூலையில் விதைத்து வந்திருந்தாலன்றி மீட்பதற்கு ஒன்றுமில்லை.

நம் சொந்த வாழ்விலே விட்டுப்போன சங்கீதமும் சிநேகமும்கூட இவ்விதமே என்பது என் அபிப்பிராயம். வருஷத்துக்கொரு முறை கல்யாண வீட்டில் நின்று நலம் விசாரித்துக்கொண்டவர்கள் முதுமையில் மறுபடியும் நெருங்கிவிடுகிறார்கள். அந்தப் பேச்சும் அற்றுப்போனவர்கள் எத்தனை பெரிய விருந்து வைத்தாலும் மரியாதையாக உண்டு எழுந்து போகிறார்கள்.

ஆகையால், உங்கள் ஊரில் எதையேனும் உத்தாரணம் செய்யக் கமிட்டி அமைக்கிறீர்களென்றால், நன்கொடை நோட்டு அச்சடிக்கும் முன்பு, அந்தக் காரியத்தை இன்னமும் யார் செய்துகொண்டிருக்கிறார் என்று விசாரியுங்கள். அவரை வீடு தேடிப் போய் அழைத்துவந்து முதல் கூட்டத்தில் உட்கார வையுங்கள்.