ஈய அளவுகோலும் இருக்கைப் பூட்டும்

கேளிக்கைப் பூங்காவின் விரைவுச் சவாரியில் ஏறுபவரை இருக்கையோடு பிணைத்துவைக்கும் தடுப்பு, பொறியியலின் கண்ணுக்கு உயிர்காக்கும் ஒரு பூட்டு; ஆனால் பருத்த உடல் கொண்ட ஒருவர் அமர்ந்தபின் அந்தப் பூட்டு விழ மறுக்கும்போது, உடலுக்குச் சரியான அளவு என்று ஒன்று உண்டா, அந்த அளவுக்குள் அடங்காதிருப்பது குறையா குற்றமா, குறை என்றால் அது யாருடைய குறை என்று சமயங்களும் மெய்யியலும் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்விகள் ஏறுமேடையில் வந்து நிற்கின்றன. பெரும் பூங்காக்கள் பல திரண்டிருக்கும் அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரம் இவற்றை ஆராய ஏற்ற இடம். உடலை மிக இறுக்கமாகப் பற்றும் சவாரிகளும், அந்தப் பிடிக்குள் அடங்காமல் திரும்பும் மனிதர்களும், பிடி தளர்ந்ததால் நேர்ந்த ஒரு சாவும் அந்த ஒரே ஊரின் வரலாற்றில் இருக்கின்றன.

முதலில் பூட்டின் இயல்பைச் சொல்லியாக வேண்டும். 1884இல் நியூயார்க்கின் கோனி தீவில் லாமார்கஸ் தாம்ஸன் நிறுவிய சவாரி மெல்ல ஊர்ந்து இறங்கியதால் அமர்ந்தவர்களை இறுகப் பிடித்துவைக்க வேண்டிய தேவை எழவில்லை. வேகமும் சரிவும் கூடக்கூட மடிமேல் இறங்கும் ‘லேப் பார்’ என்னும் தண்டும், 1975இல் கலிஃபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி பண்ணையில் ஆட்களைத் தலைகீழாகச் சுழற்றும் கார்க்ஸ்க்ரூ ஓடத் தொடங்கியதை ஒட்டித் தோள்களின் மேலாக இறங்கி மார்பை அணைக்கும் ‘ஹார்னஸ்’ என்னும் கவசமும் வழக்கத்துக்கு வந்தன. ரோலர் கோஸ்டர் ஒரு மேட்டின் முகட்டைக் கடக்கும்போது வண்டி தண்டவாளத்தோடு கீழ்நோக்கி வளைகிறது, உடலோ வந்த திசையிலேயே செல்ல முனைகிறது. உடல் இருக்கையைவிட்டு எழும்பும் அந்த நொடியில் அதைத் தாங்குவது இந்தத் தண்டுதான். அது தொடையும் இடுப்பும் சேரும் இடத்தில் பதிந்திருந்தால் பிடி உறுதியாக இருக்கும். வயிற்றின் மென்மையான சதைமேல் நின்றுவிட்டால், ஓட்டத்தின் விசையில் சதை அமுங்கி, பூட்டியதாகத் தோன்றிய தண்டுக்கும் உடலுக்கும் இடையே வெளி உண்டாகிவிடும். தண்டு இறங்க இறங்கப் பற்களில் ஒவ்வொன்றாகக் கொளுவி விழும் ஓசையைத்தான் ‘கிளிக்’ என்கிறார்கள். இத்தனை கிளிக் விழுந்த பிறகே வண்டி புறப்படலாம் என்று பல சவாரிகளில் வரம்பு உண்டு.

இந்த வரம்பு அளப்பது பெரும்பாலும் எடையை அன்று, உருவத்தை. ஒரே எடையுள்ள இருவரில் உயரமும் எடை பரவிய உடலும் கொண்டவர் ஏறிவிட, மார்பு அகன்றவரோ வயிறு முன்தள்ளியவரோ இறங்க நேர்கிறது; கட்டுடல் கொண்ட விளையாட்டு வீரர்கூடத் தோள் அகலத்தால் நின்றுவிடலாம். ஆர்லாண்டோவின் யுனிவர்சல் பூங்காவில் 2010 ஜூன் 18 அன்று திறக்கப்பட்ட ‘ஹாரி பாட்டர் அண்ட் தி ஃபர்பிடன் ஜர்னி’ என்னும் சவாரியில், நால்வர் அமரும் ஒரு பலகையை இயந்திரக் கை ஒன்று தூக்கிச் சாய்த்துத் திருப்பிக் கொண்டுபோகும். மார்புக் கவசம் இறுக இறங்க வேண்டியிருந்ததால் தொடக்கத்தில் பலர் ஏற முடியாமல் திரும்பினர், பின்னர் இரு ஓரத்து இருக்கைகளும் பெரிய உடலுக்கு இடம்தரும்படி மாற்றியமைக்கப்பட்டன. 2023இல் டிஸ்னியின் மேஜிக் கிங்டமில் தொடங்கிய ‘ட்ரான்’ சவாரியில் மோட்டார் சைக்கிளில் குனிந்திருப்பதுபோல் அமர வேண்டும், தடுப்பு முதுகையும் கெண்டைக்காலையும் பற்றும். ஆகவே அங்கே வயிற்றைவிடக் கெண்டைக்காலின் சுற்றளவு முடிவுசெய்கிறது. வழக்கமான இருக்கையும் லேப் பாரும் கொண்ட பின்பெட்டி சில வண்டிகளில் இணைக்கப்பட்டிருக்கிறது.

மேடையில் நடப்பதை அருகிலிருந்து பார்த்தால்தான் கேள்வியின் கூர்மை தெரியும். அமர்ந்தவர் முதுகை இருக்கையோடு ஒட்டவைத்து, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, மூச்சை முழுவதும் வெளியே விட்டு வயிற்றை உள்ளிழுத்துக்கொள்கிறார். ஊழியர் இரு உள்ளங்கைகளையும் கவசத்தின்மேல் வைத்துத் தம் எடையைச் சாய்த்து அழுத்துகிறார். ஒரு கிளிக், இன்னொரு கிளிக், அதன்பின் ஓசை இல்லை. பின்னால் நிற்கும் வரிசை அசையாமல் பார்க்கிறது. மீண்டும் ஒருமுறை அழுத்திப் பார்த்தபின் மன்னிப்புக் கோரும் குரலில் வெளியேறும் வழி காட்டப்படுகிறது. அந்த வழியில் தனியே நடப்பதைத் தலைகுனிவு நடை என்ற பொருள்படும் பெயரால் சவாரிப் பிரியர்களே குறிப்பிடுகிறார்கள் என்பதில் அந்த வேதனை முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஜெர்மானிய மெய்யியலாளர் மார்ட்டின் ஹைடெகர் 1927இல் வெளியிட்ட ‘இருத்தலும் காலமும்’ என்னும் நூலில், கைக்கு வாகாக இயங்கும் கருவி கவனத்திலிருந்து மறைந்துவிடுகிறது என்றும், உடைந்தாலோ தடைபட்டாலோதான் அது ஒரு பொருளாகக் கண்ணில் படுகிறது என்றும் விளக்கினார். சுத்தியால் ஆணி அடிப்பவர் சுத்தியை நினைப்பதில்லை. அதுபோல், தண்டு எளிதில் இறங்கிவிடும் உடல் கொண்டவர் தண்டையும் நினைப்பதில்லை, தம் உடலையும் நினைப்பதில்லை. பருத்தவருக்கு நேர்வதில் ஒரு திருப்பம் இருக்கிறது. தடைபட்டது கருவி, ஆனால் அனைவரின் கண்ணும், அவருடைய கண்ணும்கூட, உடல்மேல்தான் விழுகிறது. பூட்டு பொருந்தவில்லை என்ற செய்தி, இவர் பொருந்தவில்லை என்ற தீர்ப்பாக ஒரு நொடிக்குள் மாறிவிடுகிறது. ஓர் அளவீடு எப்படித் தீர்ப்பாகிறது என்பதே இங்கே ஆராய வேண்டியது.

இந்த மாற்றத்துக்குப் பழைய சமயக் கருத்தொன்று வழியமைத்திருக்கிறது. கிறிஸ்தவ மரபு தலையான பாவங்கள் ஏழினுள் ஒன்றாக வைக்கும் போசனப் பிரியம், அதாவது உணவின்மேல் கட்டற்ற வேட்கை, உடல் பருமனோடு தானாகவே இணைத்துப் பேசப்படுகிறது. பருத்த உடலைப் பார்ப்பவர், அதில் அடக்கமின்மையின் சான்றையே வாசித்துவிடுகிறார். மூல நூல்களோ இதற்கு இடம்தருவதில்லை. 13ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் தோமா அக்குவினாஸ் தம் ‘இறையியல் தொகுப்பில்’ இப்பாவத்தை வரையறுக்கும்போது அதை உணவின் அளவிலோ உண்பவரின் உருவத்திலோ வைக்காமல், அறிவின் ஒழுங்கை மீறும் வேட்கையில் வைத்தார். அந்த வரையறைப்படி மெலிந்தவர் போசனப் பிரியராக இருக்கலாம், பருத்தவர் முற்றிலும் குற்றமற்றவராக இருக்கலாம். அக்குவினாஸே பெரிய உடல்வாகு கொண்டவர் என்பது மரபுவழிச் செய்தி. அவருடைய வயிறு பொருந்துவதற்காக உணவு மேசையில் அரைவட்டமாக வெட்டியெடுத்தார்கள் என்று ஒரு கர்ணபரம்பரைக் கதையும் உண்டு. கதை உண்மையாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் மேசைதான் வெட்டப்பட வேண்டியது என்று அந்தக் கதையைச் சொன்னவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

அவருக்கு ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன்பே புனித அகுஸ்தீனார் ‘கடவுளின் நகரம்’ நூலின் 22ஆம் பகுதியில், உயிர்த்தெழும் நாளில் மனித உடல்கள் என்ன அளவில் எழும் என்ற வினாவை எடுத்துக்கொண்டார். பருத்தவரும் மெலிந்தவரும் தாங்கள் விரும்பாத உருவத்திலேயே மறுமையிலும் இருக்க நேருமோ என்று அஞ்ச வேண்டியதில்லை என்று அவர் தேற்றுகிறார். சிற்பி ஒருவன் குறையுள்ள சிலையை உருக்கி, உலோகத்தில் துளியும் இழக்காமல் மறுபடி வார்ப்பதுபோல் கடவுள் செய்வார் என்பது அவர் தரும் உவமை. பருமனை மட்டும் தனித்துக் குறைசொல்லாமல் மெலிவையும் அதனோடு ஒருசேர வைத்தது அவருடைய நேர்மை. ஆயினும் எல்லா உடல்களும் சென்றுசேர வேண்டிய தக்க அளவு ஒன்று உண்டு என்ற எண்ணம் அந்த ஆறுதலுக்குள்ளும் இருக்கிறது.

அந்த எண்ணம் 19ஆம் நூற்றாண்டில் கணிதத்தின் வடிவில் திரும்பிவந்தது. பெல்ஜிய வானியலாளர் அடோல்ஃப் கெட்லே 1835இல் வெளியிட்ட நூலில் ‘சராசரி மனிதன்’ என்ற கருத்தை முன்வைத்து, பலருடைய அளவுகளின் நடுமதிப்பையே இயற்கை குறிவைத்த இலட்சியமாகவும், அதிலிருந்து விலகுவதைப் பிழையாகவும் கொண்டார். இன்று மருத்துவமனைகளில் உடல் நிறை குறியீட்டெண் என்று வழங்குவது அவர் வகுத்த கணக்குதான். அந்த இலட்சியத்தை உடைத்ததும் ஓர் இருக்கையே என்பது குறிப்பிடத்தக்கது. 1950இல் அமெரிக்க விமானப்படை 4,063 விமானிகளை அளந்தது. அந்தத் தரவிலிருந்து பத்து அளவுகளைத் தேர்ந்து ஆராய்ந்த கில்பர்ட் டேனியல்ஸ், பத்திலும் சராசரிக்கு அருகில் இருந்த விமானி ஒருவர்கூட இல்லை என்று கண்டார். சராசரிக்கு ஏற்ப அமைத்த விமானியறை எவருக்கும் பொருந்தாது என்று தெரிந்தபின், முன்னும் பின்னும் நகரும் இருக்கைகளும் நீட்டிச் சுருக்கும் பட்டைகளும் வந்தன. விமானிகள் மாற்றப்படவில்லை.

உடலை நோக்கும் இன்னொரு முறையைத் தமிழில் வளர்ந்த சைவ சித்தாந்தம் தருகிறது. உயிருக்கு இறைவன் கூட்டித்தருபவை தனு, கரணம், புவனம், போகம் என நான்கு என்று அது கூறும். தனு உடல், கரணம் மனம் முதலிய கருவிகள், புவனம் வாழும் உலகம், போகம் நுகர்ச்சி. உடலும் உலகும் ஒன்றையொன்று நோக்கிச் சேர்த்து அளிக்கப்பட்டவை என்பதால், உடலை மட்டும் தனியே நிறுத்தி அது பொருந்தவில்லை என்று சொல்ல இந்த நோக்கில் வழியில்லை. உடல் வினைக்கு ஏற்ப அமைகிறது என்பதும் அதே கோட்பாட்டின் கூற்றே. அதை எடுத்துப் பிறர் உடலைப் பழிக்கும் ஆயுதமாக்குவோர் உண்டு. வினை என்பது ஒருவர் தம் வாழ்வைத் தாமே நோக்கித் திருத்திக்கொள்வதற்கான கருத்து, அடுத்தவர் மடியில் தண்டு இறங்குகிறதா என்று பார்ப்பதற்கானது அன்று.

உடலும் உலகும் பற்றிய இதே உறவை இக்காலச் சொற்களில் பேசியவர் அமெரிக்க அறிஞர் ரோஸ்மேரி கார்லண்ட்-தாம்ஸன். 2011இல் எழுதிய கட்டுரையில் அவர் ‘பொருந்தாமை’ என்பதை ஆராய்ந்து, சதுர முளை வட்டத் துளையில் நுழையாதபோது முளையிலும் குறையில்லை, துளையிலும் குறையில்லை, இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் பொருந்தாமை பிறக்கிறது என்று காட்டினார். பருத்தவரின் மனக்காயத்துக்கு இது நல்ல மருந்து. ஆனால் இதோடு நின்றுவிட்டால் போதாது. முளையைச் செதுக்குவதும் துளையை அகலப்படுத்துவதும் சம வேலைகள் அல்ல. துளை வரைபடத்தில் பிறந்தது, மனிதர் அப்படிப் பிறக்கவில்லை.

இதற்கு எழும் வலுவான மறுப்பு, வரம்பைத் தளர்த்தினால் உயிர் போகும் என்பது. அது கற்பனையான அச்சம் அன்று. 2022 மார்ச் 24 அன்று ஆர்லாண்டோவில் 430 அடி உயரமுள்ள ஒரு கோபுரச் சவாரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கையிலிருந்து வழுக்கி விழுந்து இறந்தான். பெரிய உடல் கொண்ட அந்தப் பிள்ளை அமர்ந்த இருக்கையின் உணரி, கவசத்துக்கும் இருக்கைக்கும் இடையே மற்ற இருக்கைகளைக் காட்டிலும் ஏறக்குறைய இருமடங்கு இடைவெளி இருந்தாலும் பூட்டியதாகக் காட்டும்படி கையால் மாற்றப்பட்டிருந்தது என்று மாநில அரசு அமர்த்திய பொறியியல் ஆய்வு கண்டது. கோபுரம் பின்னர் இடிக்கப்பட்டது. அன்று அவனை ஏற்றாமல் திருப்பியிருந்தால் அந்தத் தலைகுனிவு சில நாளில் ஆறியிருக்கும், அவனும் இருந்திருப்பான்.

இந்தச் சாவின் முன் நின்று யோசிக்கும்போது அரிஸ்டாட்டிலின் ஓர் எடுத்துக்காட்டு புதிய பொருள் பெறுகிறது. ‘நிக்கோமாக்கிய அறவியல்’ நூலின் ஐந்தாம் பகுதியில் அவர் ‘எப்பியெய்க்கெயா’ என்பதை, அதாவது எல்லோருக்கும் பொதுவாக வகுத்த சட்டம் தன் பொதுமையாலேயே தவறவிடும் இடத்தைச் செம்மைசெய்யும் நேர்மையை, விளக்கப் புகுந்து, லெஸ்போஸ் தீவின் கட்டடக் கலைஞர்கள் கையாண்ட ஈய அளவுகோலைச் சுட்டுகிறார். இரும்புக் கோல்போல் விறைத்து நிற்காமல், கல்லின் வடிவத்தை ஒட்டி வளைந்து அதை அளக்கும் கோல் அது. பருத்தவருக்கு நீதி வேண்டுவோர் இந்தக் கோலை விரும்புவது இயல்பே. ஆனால் கோல் வளைய வேண்டிய இடம் எது என்பதில் எல்லாம் இருக்கிறது. கல்லை அளந்து சுவர் எழுப்பும்போது வளைந்த கோல், சுவர் எழுந்தபின் அதன் பாரத்தைத் தாங்குவதற்கு உதவாது. இருக்கையை வரையும் மேசையில் ஈயக் கோல் வேண்டும். ஏறுமேடையில் இரும்புக் கோலே வேண்டும். ஆர்லாண்டோவின் அந்தக் கோபுரத்தில் இடம் மாறிவிட்டது: வரைந்தபோது விறைத்திருந்த அளவு, ஆளை ஏற்றும் இடத்தில் வளைக்கப்பட்டது. வரைபடத்தில் காட்டத் தவறிய கருணையை உணரியைத் திருகிக் காட்ட முயன்றால் அதன் பெயர் கருணை ஆகாது.

ஆகவே மேடையில் நிற்கும் ஊழியர் முடியாது என்று சொல்வதில் அநீதி இல்லை. அவர் அப்படிச் சொல்ல வேண்டிய நிலை முன்கூட்டியே வரையப்பட்டதில்தான் அநீதி இருக்கக்கூடும். எல்லா உடலுக்கும் எல்லாச் சவாரியும் இயலாது என்பதும் உண்மையே, உயரம் குறைந்த குழந்தைக்குச் சொல்லப்படும் தடையில் எவரும் இழிவு காண்பதில்லை. சவாரி ஓர் ஆடம்பரம், அதற்கு இத்தனை ஆராய்ச்சியா என்று கேட்பவர், விளையாட்டு எதற்காக இருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். டச்சு வரலாற்றறிஞர் யொஹான் ஹொய்சிங்கா 1938இல் வெளியிட்ட தம் நூலில் விளையாட்டை, அன்றாட வாழ்விலிருந்து எல்லை கட்டிப் பிரிக்கப்பட்ட ஓர் உலகமாகக் கண்டார். அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் உடலை நினைவூட்டிக்கொண்டே இருக்கும் உலகிலிருந்து சற்று நேரம் விலகுவதற்காகவே மக்கள் அந்த எல்லைக்குள் வருகிறார்கள். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் வரிசையில் நின்ற தாய்க்கு அங்கும் அதே நினைவூட்டல் காத்திருந்தால், அந்த இழப்பு சீட்டின் விலையால் அளக்கத்தக்கதன்று.

இதனால்தான் சவாரியின் வாசலில் வைக்கப்படும் ‘டெஸ்ட் சீட்’ என்னும் மாதிரி இருக்கை எங்கே எப்படி வைக்கப்படுகிறது என்பதும் அறவியல் கேள்வியாகிறது. வரிசையில் சேரும் முன்பே ஒருவர் அதில் அமர்ந்து தண்டை இழுத்துப் பார்த்துக்கொள்ளலாம். மேடையில் நேரக்கூடிய தீர்ப்பு அங்கே வெறும் அளவீடாகவே நின்றுவிடும். அதே இருக்கை கூட்டம் கடந்துபோகும் பாதையின் நடுவே திறந்து கிடந்தால் பலர் அதைப் பார்த்தும் பாராததுபோல் போய்விடுவார்கள். பக்கவாட்டில் ஒரு மறைப்புக்குப் பின்னால், பொறுமையான ஓர் ஊழியரோடு இருந்தால் அமர்ந்து பார்ப்பார்கள். பொருந்தினால், ஃபர்பிடன் ஜர்னியில் அவரை ஓரத்து இருக்கைக்கு அனுப்புகிறார்கள். நடுவில் இரண்டு பிள்ளைகள், ஓரத்தில் அவர், மறு ஓரத்தில் முன்பின் தெரியாத ஒருவர். கவசங்கள் நான்கும் இறங்குகின்றன, ஊழியர் ஒவ்வொன்றையும் ஒரே விதமாக இழுத்துப் பார்க்கிறார், இயந்திரக் கை நால்வரையும் சேர்த்துத் தூக்குகிறது.