ஞாயிறா குற்றவாளி?

ஞாயிறு எவரிடமும் சினங்கொள்வதில்லை. எவருக்கும் அருள் புரிவதுமில்லை. மாளிகைமீதும் காய்கிறது, மண்குடிசைமீதும் காய்கிறது. அந்த வெயிலைக் குவிக்கும் கருவியொன்றை மனிதன் கையில் எடுத்தபின் மூளும் தீக்கு, தோழர்களே, யார் பொறுப்பு?

அமெரிக்க நாட்டில் 1990களில் பெருமையோடு வாங்கப்பெற்ற பெருந்திரைத் தொலைக்காட்சிகள், திரைக்குப் பின்னிருந்து படம் வீழ்த்தும் வகையின, பின்னர் தெருவோரக் குப்பையாயின. 2012இல் அவ்வகையின் உற்பத்தியும் ஓய்ந்தது. எறியப்பட்ட பெட்டியைப் பிரிப்போர், திரையினுள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் தகட்டை எடுக்கின்றனர். பார்வைக்குத் தகடு, பணியிலோ ஒளிகுவிக்கும் வில்லை! வட்ட வட்டமாக நுண்வரிகள் கொண்ட அவ்வமைப்பு, பிரெஞ்சு அறிஞர் பிரெனெல் அளித்த கொடை. 1823இல் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் ஏறி, மாலுமிகளுக்கு வழிகாட்டியது.

கடலில் உயிர்காத்த அறிவு கொல்லைப்புறத்தில் என்ன செய்கிறது? தெளிந்த வானத்து உச்சிவெயில், ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1000 வாட் ஆற்றலைப் பொழிகிறது. 50 அங்குலத் திரையின் வில்லை, ஏறத்தாழ முக்கால் சதுர மீட்டர். அத்தனை வெயிலும் சிறு புள்ளியில் திரண்டால் மரம் பற்றும், ஈயம் உருகும், அப்புள்ளியை உற்றுநோக்கும் கண் பழுதாகும். எடுத்தவர் அதைச் சுவரில் சாய்த்துவிட்டு உணவருந்தச் செல்கிறார். வில்லைக்கு ஓய்வேது? ஞாயிறு நகர நகரத் தீப்புள்ளியும் நகர்கிறது, வேலியை நோக்கி, விறகை நோக்கி.

எரிந்தபின் 'விதி' என்பார் ஒருவர். 'தீங்கு நினைத்தேனில்லை' என்பார் மற்றொருவர். முன்னவர் காரணத்தை மறைக்கிறார். பின்னவர் பொறுப்பை மறைக்கிறார். 'தடை செய்க!' என்று முழங்குவார் மூன்றாமவர். அஞ்சி அறிவைப் பூட்டிவைப்பது வைதீகத்தின் வழக்கம், பகுத்தறிவின் வழக்கமன்று.

2013இல் லண்டன் மாநகரின் பென்சர்ச் தெருவில், கட்டப்பட்டு வந்த உயர்கட்டடமொன்றின் வளைந்த கண்ணாடி முகப்பு வெயிலைக் குவித்து, தெருவில் நின்ற காரின் பகுதிகளை உருக்கிற்று. எவர் நெஞ்சிலும் வஞ்சமில்லை. ஆயினும் கேடு விளைந்தது. தீர்த்தது எது? வேள்வியா, வழிபாடா? இல்லை! 2014இல் பொருத்தப்பட்ட நிழல்தடுப்புகள்!

ஆகவே கூறுகிறோம்: அறியாதவன் பிழையைப் பொறுக்கலாம், அறிந்தவன் அசட்டையைப் பொறுத்தலாகாது. அண்டை வீட்டார் இச்சோதனைக்கு இசைவு தந்தவரல்லர். தவழும் குழந்தைக்கு வில்லையின் இயல்பு தெரியாது. அவர்களுக்காகவும் சேர்த்து அறிந்திருப்பதே அறிந்தவனின் கடன்.

வில்லையை எடுக்கட்டும், வெயிலடுப்பு சமைக்கட்டும்! பணி முடிந்ததும் ஒளிபுகா உறையிட்டு, வெயில் நுழையாத அறையில் வைக்கட்டும். வெளியே எடுக்கும்போது கண்ணுக்குக் கருங்கண்ணாடியும், கையருகே நீரும், விட்டகலாத விழிப்பும் இருக்கட்டும்.

ஞாயிற்றைத் தொழுவதால் தீ அணையாது, தூற்றுவதாலும் அணையாது. மூளாமல் காக்க ஒரு கனத்த போர்வை போதும். அதை மறவாமல் போர்த்தும் மனிதன் வேண்டும். அவனை ஆக்குவதே அறிவியக்கத்தின் வேலை.