முதலில் நிற்கட்டும், பிறகு ஓடட்டும்

வீட்டு முற்றத்தில் பைக் என்ஜினை வைத்துக் கார் கட்டிக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கும், அதைப் பார்த்துப் பூரிக்கும் பெற்றோருக்கும் இதை அவசரமாக எழுதுகிறேன். உங்கள் உழைப்பைக் குறை சொல்ல வரவில்லை. புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கிச் சாமான் சேர்த்து, கண் விழித்து வெல்டிங் வைத்து, ஒரு வண்டியை உறுமவைக்கும் பிள்ளையை நான் என்றைக்கும் மதிப்பேன். ஆனால் அது உறுமிய அன்றைக்கே பக்கத்துத் தெருவரை ஒரு ரவுண்டு போய்வருகிறீர்களே, அதைத்தான் செய்யாதீர்கள் என்கிறேன்.

மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் தேவராஷ்டிரே என்றொரு ஊர். அந்த ஊர்க் கொல்லர் ஒருவர் பழைய சாமான்களைக் கொண்டு சுமார் 60,000 ரூபாயில் ஒரு குட்டி ஜீப் கட்டினார். பைக்கைப் போலக் கிக்கரை உதைத்தால் கிளம்பும். 2021 டிசம்பரில் அது ஓடும் வீடியோவைப் பார்த்த வாகன நிறுவனத் தலைவர் ஆனந்த் மகிந்திரா, ஜீப்பைத் தந்தால் புது பொலேரோ கார் தருகிறேன் என்றார். அடுத்த மாதமே தந்தும்விட்டார். இந்தச் செய்தி எல்லோருக்கும் நினைவிருக்கும். அவர் சேர்த்துச் சொன்ன இன்னொன்றைத்தான் மறந்துவிட்டோம். இந்த வண்டி விதிகளுக்கு உட்பட்டதல்ல, அதிகாரிகள் என்றைக்காவது ஒருநாள் நிறுத்தத்தான் செய்வார்கள் என்றும் அவர் எழுதியிருந்தார். செங்கல்பட்டுப் பக்கம் இருக்கும் தம் நிறுவனத்தின் ஆராய்ச்சி மையத்தில் அதைக் காட்சிக்கு வைக்கத்தான் கேட்டார். சாலையில் ஓட்ட அல்ல. வண்டியையே தொழிலாகக் கொண்டவர் சொன்ன அந்தப் பாதியைத்தான் உங்கள் பட்டறைச் சுவரில் எழுதி ஒட்டவேண்டும்.

ஓடவைப்பது பெரிய காரியமில்லை, தம்பி. நிறுத்துவதுதான் காரியம். ஒரு ஸ்பிளெண்டர் பைக் சுமார் 110 கிலோ. ஆள் ஏறினால் 180. அந்த எடைக்குத்தான் அதன் 130 மில்லிமீட்டர் டிரம் பிரேக். நீங்கள் கட்டும் வண்டி பைப், சீட், நாலு சக்கரம், இரண்டு ஆள் எல்லாம் சேர்ந்து 400 கிலோவைத் தொட்டுவிடும். அதே டிரம்மைப் பின்பக்கம் மட்டும் மாட்டி, கம்பி இழுத்து, ‘பிடிக்குது’ என்று திருப்திப்படுகிறீர்கள். 20 கிலோமீட்டர் வேகத்தில் பிடித்த பிரேக் 60-இல் பிடிக்கும் என்று நம்பாதீர்கள். வேகம் மூன்று மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி ஒன்பது மடங்கு. 60-இல் சுவரில் மோதுவது 14 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். ஹைட்ராலிக் பிரேக்கைப் போடுங்கள், நாலு சக்கரத்துக்கும் போடுங்கள். ஒரு டியூப் அறுந்தாலும் இன்னொன்று பிடிக்கும்படி இரண்டு தனித்தனி லைன் இழுங்கள்.

அடுத்தது வெல்டிங். ஸ்டீயரிங் ராடில் நீங்கள் வைத்த தையலை மேலே பார்த்தால் வரிவரியாக அழகாக இருக்கும். அதேபோல் ஒரு துண்டில் வைத்து, நடுவில் அறுத்துப் பாருங்கள். உள்ளே இரும்பு உருகிக் கலந்திருக்கிறதா, மேலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கண்ணாலேயே தெரியும். தண்ணீர்க் குழாய்க்கான ஜி.ஐ. பைப்பில் வைத்தால் துத்தநாகப் பூச்சு வெள்ளைப் புகையாக எரிந்து தையலில் ஓட்டை ஓட்டையாக விடும். அந்தப் புகை உங்களுக்குக் காய்ச்சலையும் கொடுக்கும். பெயின்ட் அடித்துவிட்டால் எதுவும் வெளியே தெரியாது. வளைவில் ராட் விடுபடும்போதுதான் தெரியும்.

என்ஜினுக்கும் ஒரு குணம் உண்டு. பைக் வளைவில் சாயும், அதனால் ஆயில் தன் தொட்டியிலேயே நிற்கும். கார் அப்படிச் சாயாது. வேகமாகத் திருப்பினால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் வெறும் காற்றை இழுக்கும். அப்படியே ஓட்டினால் பேரிங் போய் என்ஜின் ஜாம் ஆகும், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். முதுகுக்குப் பின்னால் மூடியில்லாமல் சுற்றும் செயினைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். துப்பட்டாவும் விரலும் அதற்கு ஒன்றுதான்.

இதே பைக் என்ஜினில்தான் ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கல்லூரி மாணவர்கள் கார் கட்டுகிறார்கள். பந்தயக் கார்களைக் கட்டியவரும் 1995-இல் விமான விபத்தில் மறைந்தவருமான கரிவரதனின் பெயர் தாங்கிய கோவை மைதானத்தில் அவை ஓடியிருக்கின்றன. அங்கே ஓட்டத்துக்கு முன்னால் சோதனை. பிரேக்கை மிதித்தால் நாலு சக்கரமும் பூட்ட வேண்டும். வண்டியை 60 டிகிரி சாய்த்தால் ஒரு சொட்டுப் பெட்ரோல்கூடச் சிந்தக்கூடாது. பெல்ட் கட்டியிருக்கும் டிரைவர் 5 வினாடியில் வெளியே வந்து நிற்க வேண்டும். தேறாத வண்டி, எத்தனை மாத உழைப்பானாலும், டிராக்கில் ஏறாது. பேராசிரியரும் பரிசோதகரும் உள்ள இடத்திலேயே இத்தனை கெடுபிடி என்றால், ஒற்றை ஆளாகக் கட்டும் உங்களுக்கு எத்தனை வேண்டும்?

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. பதிவு இல்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக்கூடாது. பதிவு இல்லையேல் இன்சூரன்ஸும் இல்லை. யாராவது அடிபட்டால் நஷ்டஈடு உங்கள் வீட்டை விற்றுத்தான். ஓட்டியவனுக்கு 18 வயது நிரம்பவில்லை என்றால் 2019 திருத்தத்தின்படி பெற்றவருக்கு மூன்று வருடம்வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது. ஆனால் தண்டனைக்குப் பயந்து நீங்கள் நிறுத்துவதை நான் விரும்பவில்லை. வண்டியில் ஏறும் நீங்கள் ஆபத்தை அறிந்து ஏறுகிறீர்கள். பால் வாங்கத் தெருவைக் கடக்கும் பாட்டி உங்கள் வெல்டிங்கை நம்பி வரவில்லை. அவரைப் பணயம் வைக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

அப்பாக்களே, பெருமை பொங்கப் பேரனை மடியில் உட்காரவைத்து வீடியோ எடுக்காதீர்கள். கைதட்டிச் செய்தி போடும் நண்பர்களே, பிரேக் எப்படி என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போடுங்கள்.

கட்டுங்கள், தம்பிகளே, நன்றாகவே கட்டுங்கள். அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டு ஒவ்வொரு போல்ட்டையும் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்றால் அன்றைக்கு நிறுத்துங்கள். இடத்துக்காரரிடம் கேட்டு, வேலி போட்ட காலி மைதானத்தில், ஹெல்மெட்டும் பெல்ட்டும் போட்டு, தீயணைப்பான் பக்கத்தில் இருக்க, தனியாளாக ஓட்டிப் பாருங்கள். ஏற்கெனவே தெருவில் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இன்றோடு நிறுத்துங்கள்.